திறந்தவன் எழுத வேண்டும்

அந்தப் பயிற்சி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் சார் என்பார்கள். கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. மூன்று மாடிக்கும் படிதான். புதிதாகச் சேர வரும் பெண்களிடம் யாராவது, "மேல போய் லிஃப்ட் சாரைப் பாருங்க" என்று சொன்னால், அவர்கள் மூச்சு வாங்கியபடியே சுற்றுமுற்றும் லிஃப்டைத் தேடுவார்கள். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார், திருத்தவும் மாட்டார்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டை மாடிக்கு அருகே இயந்திர அறை என்று ஒன்று இருக்கும். அதன் கதவின் உள்பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை தொங்கும். அட்டையின் தலையில் மூன்றே சொற்கள் அச்சடித்திருக்கும்: திறந்தவன் எழுத வேண்டும். என்றைக்குத் திறந்தாய், என்ன பார்த்தாய், என்ன செய்தாய், கையெழுத்து. மற்ற மெக்கானிக்குகள் 'சரி' என்று இரண்டு எழுத்து கிறுக்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. எண்ணெய் ஒழுகினால் எத்தனை சொட்டு என்றுகூட எழுதுவார். கம்பெனியில் இவருக்கு 'கட்டுரை' என்று பட்டம்.

ஒருமுறை எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், லிஃப்ட் கீழே நிற்கும்போதும் ஆறாவது மாடிக் கதவு இழுத்தால் திறந்துகொள்வதைக் கண்டுபிடித்தார். பூட்டு தேய்ந்திருந்தது. 'இந்தப் பூட்டை மாற்றும்வரை ஓட்டக் கூடாது' என்று அட்டையில் எழுதி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த வாரம்தான் அந்தக் குடியிருப்பின் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் வந்து, "பூட்டு அடுத்த மாசம் வந்துடும். அந்த அட்டையைக் கிழிச்சுட்டுப் புதுசு மாட்டு" என்றார்.

"கிழிக்க முடியாது சார்."

"அட்டைதானேப்பா."

"அட்டைதான் சார். அதான் முடியாது."

ஒரு மாதத்துக்குள், நேரத்துக்கு வருவதில்லை என்று காரணம் எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் ஒருநாளும் தாமதமாகப் போனவரில்லை. பூட்டைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். ஆறாவது மாடியிலிருந்து யாரும் விழவில்லை. யாரும் விழாததால், அவர் செய்தது சரி என்று காட்டவும் வழியில்லாமல் போயிற்று.

"அந்த அட்டையைக் கையோட கொண்டு வந்திருக்கலாம்ல" என்றாள் அவர் மனைவி. "ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருப்பேன். வர்றவங்க கேட்டா, இதுதான் எங்க வீட்டுக்காரர் சம்பாத்தியம்னு சொல்லியிருப்பேன்."

அவள் இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் சொன்னாள். அதனால்தான் அது இத்தனை வருடம் கழித்தும் அவர் காதில் அப்படியே கிடந்தது.

பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியனாகத்தான் சேர்ந்தார். குழாய் ஒழுகினால் அதையும் பார், விசிறி சுற்றாவிட்டால் அதையும் பார் என்று ஆகி, கடைசியில் கணினி அறையும் அவர் தலையில் வந்து விழுந்தது. ராத்திரி பகலாகக் கையேடுகளைப் படித்துக் கற்றுக்கொண்டார். பழக்கம் மட்டும் மாறவில்லை. எதைத் திறந்தாலும் ஒரு வெள்ளைச் சீட்டு எழுதி ஒட்டுவார். குழாய்க்கு மேல் 'வாஷர் மாற்றியது' என்று தேதியோடு ஒரு சீட்டு. டியூப் லைட்டுக்கு ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் முதுகில் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் 'லி' என்று ஒற்றை எழுத்து.

"அண்ணா, நான் கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா என் முதுகுலயும் ஒட்டிடுவீங்க போல" என்பார் தட்டச்சு டீச்சர்.

"உங்களை நான் திறக்கலையே டீச்சர்."

தட்டச்சு டீச்சர் அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். கணவர் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேலையை விட்டு வீட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடுகிற பெண்கள். விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதற்காக, அவர்களின் கைகளுக்கு மேல் டீச்சர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்வார். "கையைப் பார்க்காதே, கை தானா போகும்" என்பதுதான் நாள் முழுக்க அந்த அறையில் கேட்கும் பாட்டு. ஆனால் அவர் கண் மட்டும் எப்போதும் மற்றவர்களின் கையிலேயே இருக்கும். யார் எந்த விரலால் எதை அமுக்குகிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே திருப்பிச் செய்வார்.

ஆறு வருடம் லிஃப்ட் சார் தற்காலிகப் பணியாளராகவே இருந்தார். நிரந்தரம் ஆனால், பணியாளரின் மனைவிக்கும் சேர்த்து, நிலையத்தை நடத்தும் அறக்கட்டளை மருத்துவக் காப்பீடு எடுக்கும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மனைவியின் இடுப்பு மூட்டு தேய்ந்து, சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரை நாலு இடத்தில் பிடித்துக்கொள்வாள். பிடித்த இடங்களில் சுவர் கறுத்திருந்தது. டாக்டர், மூட்டை மாற்றினால்தான் ஆகும் என்று சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து தேர்வு மென்பொருள் புதிய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும், பழையதில் ஓடாது, வசதி இல்லாத மையங்கள் தேர்வு நடத்த முடியாது என்று இருந்தது. தேர்வு போனால் சான்றிதழ் போகும். சான்றிதழ் இல்லாத இடத்துக்கு யார் படியேறி வருவார்கள்.

அறையில் இருந்தவை பன்னிரண்டு மடிக்கணினிகள். ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாம் என்று கழித்துப் போட்டதை அறக்கட்டளை வாங்கி வந்திருந்தது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவர் ஒன்றில் புதிய இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தார். 'இந்தக் கணினி குறைந்தபட்சத் தேவைகளை நிறைவு செய்யவில்லை' என்று திரையில் வந்தது.

"நானும்தான்" என்று சொல்லிக்கொண்டு அதை மூடினார்.

நிர்வாகிக்கு வயது முப்பத்தெட்டு. அறக்கட்டளைத் தலைவரின் மச்சினன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், எதிலும் கையெழுத்துப் போடவும் மாட்டார். கடிதத்தை மேசைமேல் வைத்துக் கையைப் பிசைந்தார்.

"புதுசு பன்னிரண்டு வாங்கித் தாங்கன்னு கேட்டா, மாமா மையத்தையே மூடிடலாம்பார். ஏதாவது வழி இருக்கா சார்?"

"வழி இருக்கு. அதுக்கு அனுமதி இல்லை."

"அனுமதி இல்லைன்னா? போலீஸ் வருமா?"

"அதெல்லாம் வராது. ஏத்தறதுக்கு முன்னாடி அது பண்ற தகுதிச் சோதனையைத் தாண்டி ஏத்தலாம். நல்லாவே ஓடும். ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, எங்களைக் கேட்காதேன்னு தயாரிச்சவன் முன்னாடியே சொல்லிடறான்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார் நிர்வாகி.

விடுமுறை மாதம் அது. டீச்சர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். காலியான அறையில் அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். தூசி ஊதி, வேகமான வட்டுகள் மாற்றி, நினைவகம் கூட்டி, நீலநிறப் பென் டிரைவ் ஒன்றில் எல்லாம் தயார் செய்து, சோதனையைக் கேட்காமல் தாண்டிப் போகும்படி ஏற்றினார். ஏற்றும்போது ஓரிடத்தில் எச்சரிக்கை வரும்: இது ஆதரவு இல்லாத கருவி, இதனால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, தெரிந்துதான் செய்கிறாயா. அந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது. அட்டையில் எழுதுவது மாதிரி இருந்தது.

ஒன்பது நாளில் பன்னிரண்டும் ஓடின. அவருக்கே ஆசை வந்துவிட்டது. அதற்கும் அடுத்த பதிப்பு அப்போதுதான் வெளிவந்திருந்தது. அதைக் கறுப்புப் பென் டிரைவ் ஒன்றில் எடுத்து, பன்னிரண்டாவது கணினியில் மட்டும் ஏற்றிப் பார்த்தார். முக்கால்வாசி போய், அணைந்து, எழுந்து, சின்னம் காட்டி, அணைந்தது. மறுபடி சின்னம். மறுபடி இருட்டு. காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒருநாள் ஆயிற்று. புதிய பதிப்பு கேட்கிற ஒரு கட்டளையை இந்தப் பழைய பிராசசர்கள் பிறவியிலேயே கற்கவில்லை. தாண்டிப் போக அங்கே கதவே இல்லை, சுவர்தான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நீலப் பென் டிரைவிலிருந்து முதலிலிருந்து ஏற்றி அதை எழுப்பினார்.

பிறகு உட்கார்ந்து பன்னிரண்டு சீட்டு எழுதினார். 'இது அனுமதிக்கப்பட்ட வழியில் ஏற்றியது அல்ல. இந்தப் பதிப்போடு நிறுத்த வேண்டும். இதற்கு மேல் ஏற்றினால் கணினி எழாது.' தேதி. லி. ஒவ்வொன்றையும் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, கை வைக்கும் இடத்தில் ஒட்டினார். நீலத்தின்மேல் 'ஏற்ற' என்றும், கறுப்பின்மேல் 'சோதனைக்கு மட்டும், ஏற்றாதே' என்றும் ஒட்டினார்.

மறுநாள் நிர்வாகி வந்து ஒன்றைத் திறந்தார். தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சீட்டைப் படித்தார்.

"சார், இது என்ன?"

"வழக்கமா ஒட்டறதுதான்."

"வெள்ளிக்கிழமை வாரியத்திலேர்ந்து பார்வையிட வர்றாங்க. அவங்களுக்குக் கண்ணு இல்லையா? நம்ம வாயாலயே நாம மாட்டிக்கணுமா?"

அவர் திறந்திருந்த கணினியை மெல்ல மூடினார்.

"பிய்ச்சிடுங்க சார். அவங்க போனப்புறம் வேணா ஒட்டிக்கங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." நிர்வாகி குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "உங்க ஃபைலை இந்த வாரம்தான் மாமா மேசைல வச்சேன். வீட்டுல அம்மா நடக்கணும்ல?"

அந்தக் கடைசி வார்த்தையை நிர்வாகி நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவரால் எதிர்த்துப் பேச முடியாமல் போனதற்குக் காரணம். கேட்டது அந்தச் சூப்பர்வைசராக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். சொல்லியும் இருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது நாற்பத்தெட்டு, அவர் மனைவி மாடிப்படியில் ஓடுவாள்.

நகத்தால் முனையைக் கிளப்பி, கிழியாமல் ஒவ்வொன்றாக எடுத்தார். பசை நின்ற இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பென் டிரைவுகளையும் விடவில்லை. பிய்த்த சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் தாளில் வரிசையாக ஒட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மறுபடி ஒட்டிவிடலாம்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு திரையிலும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை வந்தது. திங்கட்கிழமை நிரந்தர ஆணை வந்தது. அதை வாங்கும்போது நிர்வாகியின் முகத்தைப் பார்த்த அவருக்கு, இன்றைக்கே போய் ஒட்டினால் நன்றாயிருக்காது என்று தோன்றியது. அடுத்த வாரம் டீச்சர் வந்துவிட்டார், வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லாரும் பார்க்க ஒட்டினால் கேள்வி வரும். இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு காரணம், ஒவ்வொன்றும் நியாயமான காரணம். பிளாஸ்டிக் தாள் பையிலேயே இருந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.

பருவத்தின் நடுவில் ஒரு கணினி வட்டுப் பழுதாகி நின்றது. அவர் நீலப் பென் டிரைவைச் செருகி மறுபடி ஏற்றினார். டீச்சர் பின்னால் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா அண்ணா? நான்கூடப் பண்ணிடுவேன் போலிருக்கே."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நிர்வாகியின் "நம்ம ரெண்டு பேருக்குள்ள" நினைவுக்கு வந்தது. "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த அழுக்கு வேலை" என்று சிரித்து வைத்தார்.

காப்பீடு நடைமுறைக்கு வந்ததும் மனைவிக்கு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். தேர்வுக்குச் சரியாக ஒரு நாள் முன்னால். அவர் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். நீலப் பென் டிரைவ் அவர் பையில் இருந்தது. கறுப்பு, மேசை இழுப்பறையில் கிடந்தது.

பிறகு நடந்ததை அவர் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். தேர்வுக்கு முதல் நாள் காலையில் வாரியத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: எல்லாக் கணினிகளும் நடப்புப் பதிப்புக்குக் கொண்டுவரப்பட்டிருப்பது நல்லது. கட்டாயம் என்று இல்லை. நல்லது என்றுதான் இருந்தது. சீட்டில் படித்தது நிர்வாகிக்கு நினைவில் இல்லை போலும், டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பென் டிரைவ் டிராயர்ல இருக்கு டீச்சர். லிஃப்ட் சார் பண்றதைத்தான் பார்த்திருக்கீங்களே. ஆஸ்பத்திரில இருக்கற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்."

டீச்சருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. அண்ணன் பாவம், அவர் வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும். கறுப்புப் பென் டிரைவில் வெறும் பசைத் தடம்தான் இருந்தது. அதைச் செருகி, கோப்பைப் பன்னிரண்டு கணினிக்கும் நகல் எடுத்து, லிஃப்ட் சார் அமுக்கியதைப் போலவே, அதே வரிசையில், பன்னிரண்டிலும் அமுக்கினார். பொறுப்பில்லை என்ற எச்சரிக்கை வந்தபோது, அவர் செய்ததைப் போலவே தயங்காமல் தாண்டினார். ஏறி முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரியும். கதவைச் சாத்திவிட்டுக் கீழே வகுப்பெடுக்கப் போனார். திரும்பி வந்தபோது பன்னிரண்டு திரையிலும் சின்னம் வருவதும் போவதுமாக இருந்தது. முன்னும் பின்னுமாக, ஒன்று மாற்றி ஒன்று கண் சிமிட்டுவது மாதிரி இருந்ததாம்.

டீச்சர் லிஃப்ட் சாருக்கு ஒன்பது முறை போன் செய்திருக்கிறார். அவர் போன், மருத்துவமனையில் பொருள் வைக்கும் பெட்டியில், நீலப் பென் டிரைவுக்கும் சீட்டுகளுக்கும் பக்கத்தில் இருந்தது. அவர் விடியும்வரை உள்ளேயே, கண் விழித்த மனைவியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாற்பத்தோரு பெண்கள் தேர்வுக்கு வந்தார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், இருக்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். படியேறி வந்து, இருண்ட திரைகளைப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனார்கள். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நிர்வாகி படிக்கட்டிலேயே எதிர்ப்பட்டார். "அம்மா எப்படி இருக்காங்க? நல்லது, நல்லது. நாளைக்கு விசாரணை. டீச்சர் பண்ணேன்னு ஒத்துக்கிட்டாங்க. நான் சொன்னதா அவங்க சொல்றாங்க, எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

விசாரணைக்கு அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எழுதினார், ஒருவர் கேட்டார். டீச்சர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பழைய அட்டை.

"அந்தக் கணினிகள்லயோ பென் டிரைவ்லயோ, ஏத்தக் கூடாதுன்னு ஏதாவது எச்சரிக்கை இருந்ததா?"

அவர் பை காலடியில் இருந்தது. குனிந்து ஜிப்பை இழுத்தால் போதும். அவர் மனைவி அன்று காலையில்தான் கைத்தடி ஊன்றி முதல்முறையாக வாசல்வரை வந்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"இல்லை சார்" என்றார்.

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அந்தப் பதிலில் ஒரு பொய்கூட இல்லை. அன்றைக்கு அவற்றில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அனுமதியின்றிக் கணினிகளைக் கையாண்டதாக டீச்சரை அனுப்பினார்கள். பதினோரு வருட வேலை. அவர் தன் அட்டைகளையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது, லிஃப்ட் சார் கதவருகே ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்ற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்கிற குழப்பம்தான் இருந்தது. "குழாய்க்கு ஒட்டியிருக்கீங்க. கடிகாரத்துக்கு ஒட்டியிருக்கீங்க. இதுல மட்டும் ஏன் ஒட்டலை?"

"மறந்துட்டேன் டீச்சர்."

"நீங்களா?"

அவர் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். டீச்சர் கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார். மூன்று மாடியும் இறங்குகிற சத்தம் கேட்டது.

நாற்பத்தோரு பேர் திரும்பிப் போனது நாலு இடத்தில் பேச்சாகி, அறக்கட்டளைக்கு மானப் பிரச்சினை ஆயிற்று. ஒரே மாதத்தில் பன்னிரண்டு புத்தம் புதிய மடிக்கணினிகள் வந்து இறங்கின. அவற்றில் எந்தச் சோதனையையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. பழையவற்றைக் கிடங்கில் அடுக்கினார்கள். லிஃப்ட் சார் மதிய இடைவேளைகளில் கிடங்குக்குப் போய், நீலப் பென் டிரைவை வைத்து ஒவ்வொன்றாக எழுப்பினார். பன்னிரண்டும் எழுந்தன. எழுந்து, யாருக்கும் வேண்டாமல், அங்கேயே இருந்தன. புதுச் சீட்டு எழுதுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார். குழாய் ஒழுகினால் சரி செய்வார், துடைப்பார், போய்விடுவார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து நிர்வாகியிடம், கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பன்னிரண்டையும் எடுத்துட்டுப் போங்க சார், இடத்தை அடைக்குது."

பிளாஸ்டிக் தாளிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பசை பாதி காய்ந்திருந்தது. முன்பு ஒட்டியிருந்த அதே இடத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். மடிக்கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வீட்டைத் தேடிப் போனார்.

கீழ்த்தளத்தில் இரண்டு அறை. வாசலில் 'இங்கு தட்டச்சு செய்து தரப்படும்' என்று கையால் எழுதிய பலகை. உள்ளே கணினி எதுவும் இல்லை. யாராவது வேலை கொடுத்தால், பக்கத்துத் தெருக் கடையில் மணிக் கணக்குக்கு உட்கார்ந்து அடித்துக் கொடுப்பதாகச் சொன்னார் டீச்சர். இளைத்திருந்தார். தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

அவர் துணியைப் பிரித்து, மடிக்கணினியைத் திறந்து, டீச்சர் பக்கம் திருப்பினார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, விரலை வைத்து மறுபடி படித்தார். விரல் தேதியில் நின்றது.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி போட்ட தேதி."

"ஆமா டீச்சர்."

"அப்ப எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். ஒட்டினேன். அப்புறம் பிய்ச்சேன்."

"அவர் சொன்னாரா?"

"சொன்னது அவர். பிய்ச்சது நான்."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரணைல கேட்டாங்க இல்ல. எச்சரிக்கை ஏதாவது இருந்ததான்னு."

"இல்லைன்னேன்."

"பொய் சொல்லலையே நீங்க" என்றார் டீச்சர். சிரித்தது மாதிரி இருந்தது. "அண்ணிக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆச்சா?"

"நடக்கறா."

"நல்லது."

அந்த 'நல்லது' உண்மையாகவே நல்லது என்றுதான் சொல்லப்பட்டது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. "இப்ப வேணா நான் வந்து எழுதிக் கொடுக்கறேன் டீச்சர். அறக்கட்டளைல. என்ன ஆனாலும் ஆகட்டும்."

"என்ன ஆகும்? உங்களையும் அனுப்புவாங்க. என் இடத்துல வந்த பொண்ணு அங்கேயேதான் இருப்பா. அவளுக்கு ரெண்டு குழந்தை." டீச்சர் சீட்டின் முனையை நகத்தால் கிளப்பினார். பாதி காய்ந்த பசை என்பதால் சுலபமாக வந்துவிட்டது. தடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "லேப்டாப் எனக்கு வேணும். வச்சுக்கறேன். இது உங்களோடது."

சீட்டை அவர் புறங்கையில் ஒட்டி, ஒருமுறை அழுத்திவிட்டார்.

அவர் எழுந்து செருப்பை மாட்டும்போது, டீச்சர் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து விரல்களை விசைகளின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"இதுக்கு மேல ஏத்தக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் டீச்சர்."

"நான் பின்னாடிதானே நின்னேன் அண்ணா அன்னைக்கு. ஒட்டக்கூட வேண்டாம். வாயால சொல்லியிருக்கலாம்."

பேருந்தில் கம்பியைப் பிடித்தபோது, பக்கத்தில் நின்றவர் அவர் புறங்கையைப் படிக்க முயன்றார். அவர் கையை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மணியை அடித்தார். உள்ளேயிருந்து மனைவி வந்து கதவைத் திறந்தாள். கைத்தடி இல்லை. சுவரைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. போன மாதம்தான் வெள்ளையடித்திருந்த சுவர்.

"கையில என்ன ஒட்டியிருக்கு?"

"சீட்டு."

"நீங்கதான் ஒட்டறதையே விட்டுட்டீங்களே. பசை தோல்ல பட்டா அரிக்கும், கொண்டாங்க எடுத்துடறேன்."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும்."

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சமையலறைக்குத் திரும்பிப் போனாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அவள் நடந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காலும் ஒரே சீராக விழுந்தன.